என்னைக் கேட்டால் நான்

டாக்டர்தான் கொலைகாரன் என்பது காலை எட்டு மணிக்கே ரஹீமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் யாரைக் கொன்றான், எதற்குக் கொன்றான் என்பதெல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். தாளின் ஓரத்தில் பசை தடவி, பலகையைச் சுற்றி மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி விடுவதற்குள் ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கை நின்றால் ஷரீஃபா மச்சி நிமிர்ந்து பார்ப்பாள். "ஏம்புள்ள, பசை காஞ்சு போகுது" என்பாள். பக்கம் பையாகிவிடும். பை அடுக்கின் மேல் ஏறிவிடும். டாக்டர் கையில் விலங்கோடு சிரித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

கதைகள் அந்த வீட்டுக்குள் பின்பக்கமாகத்தான் வந்தன. ரஹீமாவின் அண்ணன் வாரத்தில் நாலு நாள் பொள்ளாச்சியில் இருப்பான். திரும்பும்போது பழைய காகிதக் கட்டுகளை வண்டியில் போட்டுக் கொண்டுவருவான். வாரப் பத்திரிகைகள், பரீட்சைத் தாள்கள், அட்டை கிழிந்த நாவல்கள். கொல்லங்கோடு கடைத்தெருவில் பரீது ராவுத்தர் மளிகைக்குப் பின்னால், மிளகாய் மூட்டைகளுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த அறையில் அவை பைகளாகும். அண்ணன் மனைவி ஷரீஃபா கிழிப்பாள், ரஹீமா ஒட்டுவாள். ஷரீஃபாவுக்கு குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் நாவலைக் கையில் எடுத்தால் முதலில் குப்புறப் போட்டுவிடுவாள். அட்டையில் இருக்கும் பொம்பளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிழிக்க ஒரு மாதிரியாக இருக்கிறதாம். அதனால் கடைசிப் பக்கம் முதலில் வரும். கல்யாணம் ஆன பிறகு காதல் வரும். தூக்குத் தண்டனைக்குப் பிறகு கொலை நடக்கும். எல்லாம் முடிந்து, மத்தியானச் சோற்று நேரத்துக்கு, கதாநாயகி முதல் அத்தியாயத்தில் ஒன்றும் தெரியாதவளாக ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள்.

ரஹீமாவுக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அவள் வயதுக்கு வந்த வாரம் அது. ஒருவரும் கோபமாகச் சொல்லவில்லை. அத்தா பரீது ராவுத்தர் வந்து, "இனி எதுக்கு புள்ள" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவளும் பதில் சொல்லவில்லை. வகுப்பிலும் அவள் அப்படித்தான். பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டாள். பக்கத்துப் பெண் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் சரியான பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பழக்கம் நோட்டுக்கு வந்துவிட்டது. கட்டுகளில் வரும் பரீட்சைத் தாள்களில் பிள்ளைகள் ஒரு பக்கம்தான் எழுதியிருப்பார்கள். மறுபக்கம் வெள்ளையாக இருக்கும். அப்படிப்பட்ட தாள்களாகப் பொறுக்கி, ஊசி நூலால் தைத்து, மைக்கட்டி கரைத்த மையால் அவள் எழுதினாள். படித்த கதைகளைப் பற்றித்தான். யாருக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கதையைப் படித்து முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுவென்று நடமாடும். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நாலு தரம் போய் வருவாள். எழுதினால்தான் கால் ஒரு இடத்தில் நிற்கும்.

'குடைக்குள் இருந்த கை' என்ற அந்த டாக்டர் கதையைப் பற்றி அவள் அன்று மாலை எழுதியது இது:

"கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டு படித்தால்தான் எழுதியவர் யோக்கியரா இல்லையா என்று தெரிகிறது. நாலாம் அத்தியாயத்தில் டாக்டர் பிணத்தைப் பார்த்து 'உள்ளம் உருகி அழுதார்' என்று இருக்கிறது. டாக்டர் பொய்யாக அழலாம். அவர் கொலைகாரர், அவருக்கு அதுதான் வேலை. ஆனால் உள்ளம் உருகியது என்று சொன்னவர் டாக்டர் இல்லை, கதை எழுதியவர். அவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? முன்னாலிருந்து படிக்கிறவர்களுக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் தெரிந்துவிடும்."

'ஊட்டி ரயிலில் சிவப்புப் பெட்டி'யில் கதாநாயகி ஏழு தடவை மயங்கி விழுகிறாள். ரஹீமா எண்ணி எழுதியிருந்தாள். "எங்கள் தெருவில் யாரும் மயங்கி விழுந்து நான் பார்த்ததில்லை. ஷரீஃபா மச்சி ஒன்றரை நாள் பிரசவ வலியில் கிடந்தார், மயக்கம் வரவில்லை. நடுவில் எழுந்து பருப்பு தீய்கிறது என்று சத்தம் போட்டார். இந்தப் பெண்ணுக்குத் தந்தி வந்தால் மயக்கம், பல்லி விழுந்தால் மயக்கம். ஒவ்வொரு தடவையும் தாங்கிப் பிடிக்க ஆள் பக்கத்திலேயே நிற்கிறான். ஆள் இல்லாத இடத்தில் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. இதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது." வேறொரு காதல் கதையில் சமையல்காரி ஒருத்தி ஒரே ஒரு வரி பேசுகிறாள்: 'காப்பி ஆறிப்போச்சு.' அந்தக் கதை முழுக்க அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள் என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள்.

நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. பெட்டிக்குள் வைத்தால் மச்சியின் கை போகும். பரணில் வைத்தால் எலி. கிழிக்காத கட்டுகளுக்கு அடியில், சுவர் ஓரமாகச் செருகி வைத்தாள். காகிதம் மலையாகக் கிடக்கும் அறையில் இன்னும் கொஞ்சம் காகிதம். அங்கே ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தாள்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் ரஹீமாவுக்கு நிக்காஹ் என்று அந்த வருடம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வெளியாள் இல்லை. அத்தாவின் தங்கை மும்தாஜ் மாமியின் மகன் உமர்தான். கோவிந்தாபுரத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம், மாமியின் கடை. தகப்பன் போனபின் உமர்தான் பார்த்துக்கொண்டார். மலபார் போய்க் கேரளம் என்று ஆன பிறகு அங்கே சோதனைச் சாவடி வரும் என்றார்கள், வந்தால் வியாபாரம் கூடுமா குறையுமா என்று அத்தாவும் அவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ரஹீமா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். அவளைப் பற்றி ஒரு சொல்கூட வராது. ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்ட சாமானைப் பற்றி யார் பேசுவார்கள்?

உமரை அவளுக்குப் பிடிக்காது என்று இல்லை. நோஞ்சான் இல்லை, குடிகாரர் இல்லை, குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை கிணற்று வாளியில் அவள் கை நசுங்கியதற்கு அவர்தான் ஓடி வந்து மஞ்சள் வைத்தார். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். சேர்த்தது மலையாளப் பள்ளியில், அதனால் படிப்பதும் எழுதுவதும் மலையாளம். அவருக்கு முன்னால் ஒரு நாவலை வைத்தால் அட்டைப் படத்தைத்தான் பார்க்க முடியும். இதையெல்லாம் யோசித்தால் அவளுக்கு உட்கார முடியாது. எழுந்து போய்ப் பின்கதவைத் திறப்பாள். தை மாதத்துக் கிழக்கத்திக் காற்று புழுதியோடு முகத்தில் அடிக்கும். கதவைச் சாத்துவாள். மறுபடி திறப்பாள்.

'வசுமதியின் மூன்று கடிதங்கள்' படித்த அன்று அவள் எழுதிய தாள்தான் பிறகு பெரிய வினையானது. அந்தக் கதையில் கோயமுத்தூர் ஸ்டேஷனில் வசுமதியின் கைக்குட்டை விழுகிறது. ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான், முதல் பார்வையிலேயே இரண்டு பேருக்கும் காதல் வந்துவிடுகிறது. ரஹீமா இப்படி எழுதினாள்:

"முதல் பார்வையில் வந்ததாம். கோவிந்தாபுரம் உமர் மச்சானை நான் நாலு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையாவது பார்வையில் வரும் என்று ஆசிரியர் எழுதவில்லை. போன பெருநாளைக்கு வந்தபோது அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், கறி நன்றாக இருக்கிறது என்று அத்தாவிடம் சொன்னார். கறி ஆக்கியது நான். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர் என்பது ஒரு பக்கத்துக்குத்தான் வரும். மீதி நூற்றைம்பது பக்கத்துக்கு என்ன செய்வது? கதை என்றால் பிடிக்காவிட்டால் மூடி வைக்கலாம். என்னைக் கேட்டால் நான்"

அதோடு தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாளின் தலைப்பில் இரண்டு வரி: "இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வேன். ஆனால் யாரும் கேட்கவில்லை." அதற்குக் கீழே வேறு கதையைப் பற்றி ஆரம்பித்திருந்தாள்.

தை கடைசியில் ரஹீமாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கம்பளிக்குள் கிடந்தாள். இரண்டாம் நாள் ஜன்னல் கொக்கி கழன்று, காற்று உள்ளே புகுந்து, கட்டுகளைக் கலைத்து, அறை முழுக்கக் காகிதம் பறந்ததைத் தூக்கத்திலேயே கேட்டாள். யாரோ கோழிகளை விரட்டுவதுபோல் ஒரு சத்தம். மூன்றாம் நாள் எழுந்து வந்து பார்த்தபோது அறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சுவர் ஓரம் வெறுமையாக இருந்தது.

"மச்சி," என்றாள். "இங்க ஒரு கட்டு இருந்துச்சுங்களே. நூல் போட்டுத் தெச்சது."

"அந்தப் பரீட்சைக் கடலாசா?" ஷரீஃபா கிழிப்பதை நிறுத்தவில்லை. "நெம்ப நல்ல கடலாசு புள்ள. கெட்டி. ஒரு ஓட்டை இல்ல. நீ படுத்துக் கெடந்தியா, சந்தை நாளு வேற, அத்தா பை பையின்னு கத்துறாங்க. ஒக்காந்து நானே ஒட்டிப்போட்டேன். நாப்பது பை வந்துச்சு பாத்துக்க."

"எங்க… எங்க போட்டீங்க?"

"பையை எங்க போடுவாங்க, பரணிலயா? பாதி கடைல. பாதி கோவிந்தாபுரத்துக் கட்டுல சேத்துக் கட்டியாச்சு. உன்ற அண்ணன் நேத்தே கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க." ஷரீஃபா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "உன்ற மாமியா ஊட்டுக்குத்தான் போயிருக்குது. நாளைக்கு நீ போற எடம். பையி முன்னாடி போய் எடம் புடிச்சிருக்குது, போதுமா?"

ரஹீமா சிரித்துவைத்தாள். முகத்தில் இருந்த காய்ச்சல் வெளிறலுக்கு மேல் இன்னொரு வெளிறல் ஏறியதை மச்சி கவனிக்கவில்லை.

மதிய லுஹர் தொழுகைக்கு அத்தா பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் கடைக்குள் போனாள். அரைக்கதவு சாத்தியிருந்தது. வெளிச்சம் பலகை இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழுந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கிய பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எண்ணெய் விளம்பரம், யாரோ அரசியல் கட்சிக்காரர் முகம், நாவல், நாவல். அப்புறம் அவள் கையெழுத்து. சாய்ந்து, கொம்பு நீண்ட அவளுடைய கையெழுத்து, கடைக்குள் எல்லாரும் பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது. 'இதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது' என்ற வரி ஒரு பையின் அடிமடிப்பில் வளைந்து போயிருந்தது. ஒன்பது பை மிச்சம் இருந்தது. மற்றவை சீரகத்தோடும் வெந்தயத்தோடும் சந்தையிலிருந்து எந்தெந்த ஊருக்கோ போய்விட்டன. சமையல்காரியின் காப்பி பற்றி அவள் கோடு போட்டிருந்த தாளில் போன கடுகை யாரோ இந்நேரம் தாளித்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்பதில் ஏழாவது, அந்த இரண்டு வரி உள்ள தாள். 'இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வேன்.' ரஹீமா அதை மட்டும் உருவி எடுத்து, மார்புக்குள் வைத்து, அடுப்படிக்குப் போய்த் தீயில் போட்டாள். பசை இருந்ததால் முதலில் சுருண்டது, பிறகுதான் பற்றியது. அதற்கு முந்தின தாள், உமரின் பேர் உள்ள தாள், கடையில் இல்லை.

அதற்குப் பிறகு பதினாறு நாள். அவளுக்கு ஒரு ஆறுதல்தான் இருந்தது. உமருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாமிக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனைமலையிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள். எல்லாருக்கும் தமிழ் தெரியும். யாராவது ஒருவர் பையைத் திருப்பிப் பார்த்தால் போதும். உமரிடம் சொல்ல வேண்டாம், மாமியிடம் சொன்னால் போதும். மாமி அத்தாவிடம் சொல்வாள். அத்தா கோபப்பட மாட்டார், அதுதான் பயம். மறுபடி மெதுவாக வந்து, "இனி எதுக்கு புள்ள" என்பார். காகிதக் கட்டுகள் வேறு வீட்டுக்குப் போய்விடும். கல்யாணம் நின்றால் பரீது ராவுத்தர் மகள் கெட்டுப்போன கதையை ஊரே பின்பக்கத்திலிருந்து படிக்கும். நிற்காவிட்டால், அந்தத் தாளில் இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒரு மனிதரோடு அவள் நூற்றைம்பது பக்கம் இருக்க வேண்டும்.

பசைப் பலகையின் முன் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாங்காது. பசை நன்றாயிருக்கிறதா என்று அடுப்படிக்குப் போவாள். தண்ணீர் இருக்கிறதா என்று கிணற்றடிக்குப் போவாள். பஸ் வரும் சத்தம் கேட்டால் கடைக் கதவு இடுக்குக்குப் போவாள். கையில் வந்த துப்பறியும் கதையை இரண்டு பக்கம் படித்துவிட்டு, யார் செத்தால் என்ன என்று மடித்து ஒட்டினாள். அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கொலையில் செத்தது யாரென்று தெரிந்துகொள்ளாமலே விட்டாள். "கல்யாணக் களையாட்ட இருக்குது," என்று ஷரீஃபா அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். "ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறா."

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சற்று நேரத்தில், உமர் வந்தார். கையில் ஒரு காகிதக் கட்டு. ரஹீமா இடுக்கு வழியாகப் பார்த்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டை முதுகில் புழுதி. பஸ்ஸில் பின்னால் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும்.

"மாமா, அம்மா சத்தம் போடுதுங்க," என்றார் அத்தாவிடம். "இந்தத் தடவ வந்த பையில கொஞ்சம் மையில எழுதின கடலாசு. சக்கரையில நீலம் ஒட்டிக்கிது. ஒரு அம்மா வந்து, 'ஏனுங்க ராவுத்தரே, பாயாசம் வெச்சா மயில் கழுத்தாட்ட வருது'ங்குது."

அத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, பாயாசத்துலயே மயிலாடவெச்சுட்டீங்களா! உள்ள குடு, மாத்திக் குடுப்பாங்க. ஷரீஃபா! தம்பி வந்திருக்குது பாரு. சாயா வெய்யி." அதற்குள் ஒரு ஆள் உளுந்து கேட்டு வந்து நின்றான். அத்தா தராசுப் பக்கம் திரும்பிவிட்டார்.

உமர் நடை வழியாக வந்து, பசை அறையின் கதவுக்கு வெளியே நின்றார். கதவில் பழைய சேலையில் தைத்த திரை. ஷரீஃபா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்து கட்டை வாங்கினாள். "வாங்க தம்பி. பையைத் திருப்பிக் குடுக்கற சாக்குல வந்தீங்களா, சாக்கைத் திருப்பிக் குடுக்கப் பையி கொண்டாந்தீங்களா?" என்றாள். அவர் காது சிவந்தது. "சாயா கொண்டாரேன், இருங்க," என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். போகும்போது திரைக்குப் பின்னால் நின்ற ரஹீமாவின் தோளை ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள்.

மச்சி வைத்துவிட்டுப் போன கட்டு தரையில் இருந்தது. ரஹீமா குனிந்து வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். டாக்டர், ரயில், பெட்டி, மயக்கம். அந்தத் தாள் இல்லை.

"அது அதுல இல்ல," என்றார் உமர். குரல் திரைக்கு மிக அருகில் இருந்தது. "என்ற கையில இருக்குது."

அவள் கட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சென்னிமலைன்னு ஒரு வண்டிக்காரர். ஆனமலைக்காரர். பையில என்ன அச்சடிச்சிருந்தாலும் கடை வாசல்ல நின்னு சத்தமாப் படிச்சுக் காட்டுவாரு. அங்க நிக்கறவங்களுக்கு அதான் சினிமா. அன்னிக்குப் புளி கட்டிக் குடுத்தேன். படிக்க ஆரம்பிச்சாரு. அந்த 'எத்தனையாவது பார்வை'ங்கறதை ரெண்டு வாட்டி படிச்சாரு. எல்லாருக்கும் அப்பிடிச் சிரிப்பு. நானும் சிரிச்சேன் ரஹீமா. நெசமாலுமே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொறவுதான் பேரு மண்டைல ஏறுச்சு."

அவருடைய வாயில் தன் பேரை அவள் கேட்டு எத்தனை வருடமாகிவிட்டது என்று யோசித்தாள். கிணற்று வாளி நாளுக்குப் பிறகு இல்லை.

"'ஏம்பா, இது நீதான'ன்னாரு. உமருங்கற பேருல பாலக்காட்டுல ஆயிரம் பேரு இருக்காங்கன்னேன். கோவிந்தாபுரத்துலயான்னாரு. அங்கயும் மூணு பேரு இருக்காங்க, எல்லாரும் சோறு நல்லாத்தான் திம்பாங்கன்னு சொல்லிட்டு, புளிய வேற பையில மாத்திக் குடுத்தனுப்பிச்சேன்."

"மாமிகிட்ட…" என்றாள். திரையோரம் நகர்ந்து மறுபடி கேட்டாள். "மாமிகிட்டச் சொன்னீங்களா?"

"சக்கரையில நீலம்னுதான் சொன்னேன்."

கடையில் உளுந்து கொட்டும் சத்தம் கேட்டது. உமர் கால் மாற்றி நின்றார்.

"மூணு வாட்டி சோறு வாங்குனது நெசந்தான். காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்காம வந்திருந்தேன். கறி நீ ஆக்குனதுன்னு ஆரும் சொல்லல." பிறகு வேறு குரலில், "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். அதனால மறாநாளு, சென்னிமலைய உள்ள கூட்டி ஒக்கார வெச்சு, மையில எழுதுன பையெல்லாம் ஒண்ணொண்ணாப் படிக்கச் சொன்னேன். பத்தொம்பது பையி. அந்த டாக்டரு கதை, ரயிலு கதை. 'இதை எழுதின புள்ள சாமானியப்பட்டது இல்ல உமரு, வக்கீலுக்குத்தான் படிச்சிருக்கோணும்'னாரு. நான் ஒண்ணும் பேசல. எனக்கு வேண்டியது அதுல இல்ல."

திரை லேசாக அசைந்தது. காற்றுதான்.

"கடசியில 'என்னைக் கேட்டால் நான்'னு நிக்குது. அதுக்கு அப்பறம் என்ன எழுதியிருந்த?"

சமையலறையிலிருந்து ஷரீஃபா குரல் கொடுத்தாள். "தம்பி, சக்கரை தூக்கலாப் போடட்டுங்களா?"

"நீலமில்லாததாப் பாத்துப் போடுங்க மச்சி," என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் குரலைத் தணித்து, "சொல்லு ரஹீமா. மச்சி வந்துருவாங்க. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போகோணும்," என்றார்.

அந்த அடுத்த தாள் சாம்பலாகி, அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்து, அதுவும் கிணற்றடி வாய்க்காலில் போய்விட்டது. உலகத்தில் இப்போது அது இருக்கும் ஒரே இடம் அவள் மண்டைக்குள்தான். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சந்தோஷமாகச் சம்மதிப்பேன் என்று எழுதியிருந்தேன் என்றால் அவர் நம்புவார். தலையை ஆட்டிவிட்டு, சாயாவைக் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் போய்விடுவார். நோன்புக்கு முன் நிக்காஹ் நடக்கும். அவர் வாழ்நாள் முழுக்க அந்தப் பொய்யை நல்ல வார்த்தையாக வைத்துக்கொண்டிருப்பார், பெட்டிக்குள் அத்தர் சீசா வைத்திருப்பதுபோல.

எழுதியதையே சொன்னால்? அதைச் சொன்னால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு வயதிலிருந்து பார்க்கிற ஆள். அடுத்த வரி என்னவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த ஆள். புளியை வேறு பையில் மாற்றிக் கொடுப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்தொன்பது பையையும் படிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்பார் என்று தெரிந்திருக்கவில்லை. எழுதும்போது அது அப்பட்டமான உண்மை. இப்போதும் உண்மையா என்று கேட்டால், அதற்கு அவளிடம் தாள் இல்லை. ஆனால் அவர் இப்போது எப்படி என்று கேட்கவில்லை. என்ன எழுதியிருந்தாய் என்றுதான் கேட்டார்.

பக்கத்தில் இருந்த பசைச் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. திரையின் ஓரத்தில் கைப்பிடி அகலம் இடைவெளி. அதில் அவர் சட்டையின் ஒரு பொத்தானும், ஒரு கையும், கையில் புளிக்கறை படிந்த அந்தப் பையும் தெரிந்தன. தட்டையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்து எடுத்ததால் நடுவில் கோடு விழுந்திருந்தது.

"அடுத்த கடலாசுல ரெண்டு வரிதானுங்க," என்றாள் ரஹீமா. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே திடுக்கென்றது. கடையில் அத்தா பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. "எழுதுனதை எழுதுனபடியே சொல்லுவேன். நடுவுல ஒண்ணும் பேசப்படாது."

"பேசல," என்றார் உமர்.

அவள் மூச்சை இழுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம், ஒன்றும் பேசாமல் நிற்பதற்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்ததோ என்னவோ, உமர் அந்தப் பையை வாயருகே கொண்டுபோய், சாமான் போடுவதற்கு முன் கடைக்காரர்கள் செய்வதுபோல் உள்ளே ஒரு ஊது ஊதினார். ஒட்டிக்கிடந்த மடிப்பு பட்டென்று பிரிந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டு அகட்டி, பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, திரையைப் பார்த்து நின்றார்.